நூல் படித்தலும் கருத்துரைத்தலும்

நல்ல நூல் ஒன்றைப் படித்து முடித்தவனால் வாய் மூடி இருக்க முடிவதில்லை. யாரிடமாவது சொன்னால்தான் மனம் ஆறுகிறது. ஊரிலிருந்து முறுக்கு டப்பா வந்தால் விடுதி அறையில் ஒருவன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தின்ன முடிகிறதா? நூலும் அப்படித்தான். ஆனால் முறுக்கில் இல்லாத ஒரு சிக்கல் நூலில் உண்டு. முறுக்கைத் தின்னாதவன் அதன் சுவையைப் பற்றிப் பேச மாட்டான். நூலைப் படிக்காதவன் பேசுவான். வேறு யாரையும் குறை சொல்லவில்லை; நானே பேசியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது முறையன்று.

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் ‘அண்மையில் படித்த நூல்’ என்ற தலைப்பில் ஐவர் பேசினோம். என் பங்குக்குத் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ வந்தது. பெரிய நாவல். நான் படித்திருந்தவை முதல் 140 பக்கங்கள். செய்முறைத் தேர்வு குறுக்கிட்டது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். ஆயினும் மேடை ஏறினேன். கும்பகோணத்தைச் சொன்னேன், காவிரியைச் சொன்னேன், இசையும் காதலும் பின்னிக் கிடக்கும் அழகைச் சொன்னேன். இவையெல்லாம் நூலின் பின்னட்டையிலிருந்தும் அங்குமிங்கும் காதில் விழுந்த பேச்சிலிருந்தும் எடுத்தவை. கைதட்டல் கிடைத்தது. அதன் பிறகு முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“அண்ணா, ரங்கண்ணா போனதுக்கு அப்புறம் பாபுவோட பாட்டு என்ன ஆகுது? அந்த இடம் எனக்குச் சரியாப் பிடிபடலை. நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்க?”

இசையாசிரியர் ரங்கண்ணா அந்நாவலில் இறந்துபோகிறார் என்பதே எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. “பாட்டு அவனுக்குள்ளேயே வளருதும்மா” என்றேன். அவள் தலையசைத்து நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் மறுத்துப் பேசியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். எழுதிக்கொண்டாளே, அதுதான் என்னை வருத்தியது. விடுமுறையில் நாவலை முழுவதும் படித்தேன். கல்லூரி திறந்ததும் அவளைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்ணா. நான் கேட்டப்பவே உங்க முகம் மாறிப் போச்சு” என்றாள்.

“அப்புறம் ஏன் எழுதிக்கிட்டே?”

“எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்களேண்ணா.”

அன்றுமுதல் இப்பொருளைப் பற்றிச் சிந்தித்து வருகிறேன். நூலைப் பற்றிக் கருத்துச் சொல்வது என்றால் என்ன? அதற்கு ஏதேனும் முறை உண்டா? அறிவியல் படிப்பவன் ஆகையால் என் எண்ணம் முதலில் ஆய்வகத்தின் பக்கமே போயிற்று.

வேதியியல் மாணவன் முதலாண்டிலேயே கற்கும் பாடம் பியூரெட்டை வாசிப்பது. குழாயிலுள்ள நீர்மத்தின் மேற்பரப்பு வளைந்து நிற்கும். கண்ணை அந்த மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு, கீழிருந்து பார்த்தால் வேறோர் அளவு. இது எல்லாருக்கும் தெரிந்ததே. இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. பக்கத்து மேசைக்காரனுக்கு 18.6 வந்தது என்று காதில் விழுந்துவிட்டால், நம் கண்ணும் மெல்ல 18.6-ஐ நோக்கிச் சாயும். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே நமக்கு இராது. இருந்தும் சாய்வோம். விடை இன்னதென்று முன்பே தெரிந்தவனுடைய கண் அவனுக்குச் சொந்தமானது அன்று.

நூலிலும் இதுவே நடக்கிறது. பெரிய ஆசிரியரின் பெயர் அட்டையில் இருந்தால் நம் மதிப்பு மேலே ஏறுகிறது. பெயர் தெரியாத ஆசிரியர் என்றால் முதல் பத்தியிலேயே குறை தேடுகிறோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர் 1920-களில் இதைச் சோதித்தே பார்த்தார். கவிஞர் பெயரை மறைத்துப் பாடல்களை மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, நிதானமாகப் படித்து, மனத்தில் பட்டதை எழுதித் தந்தார்கள். இவ்வாறு 13 பாடல்களுக்கு வந்த கருத்துகளைத் தொகுத்து, ஆராய்ந்து, 1929-இல் நூலாக வெளியிட்டார். புகழ்பெற்ற கவிஞர்களின் பாடல்களைப் பலர் தள்ளியிருந்தார்கள். சாதாரணப் பாடல்களைப் பலர் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு, பெயரைப் பார்த்து மயங்குகிறோம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் ரிச்சர்ட்ஸ் கண்டது அதைவிட ஆழமானது. படித்தவர்களில் பலருக்குப் பாடலின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை. யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்பதே தெரியாமல் நயம் பாராட்டியிருந்தார்கள், அல்லது பழித்திருந்தார்கள். இன்னொன்றும் கண்டார். பாடலில் ‘தாய்’ என்ற சொல் வந்தால் போதும், தாயைப் பற்றி நம் மனத்தில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் உணர்ச்சி பொங்கி வழியும். பாடல் அத்தாயைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டோம். கடைக்காரர் உள்ளே போய்ப் புதிதாக எடுத்துவராமல் கைக்கெட்டும் தட்டில் இருப்பதையே எடுத்துப் பொட்டலம் கட்டுவது போன்றது இது. இதைக் ‘கையிருப்பு விடை’ என்று தமிழில் சொல்லலாம்.

கேம்பிரிட்ஜில் நடந்தது மானசகங்கோத்ரியில் நடக்குமா? செய்து பார்த்தோம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையைப் பெயரும் தலைப்பும் நீக்கித் தட்டச்சிட்டு நண்பர்கள் 11 பேரிடம் கொடுத்தோம். 1934-இல் வந்த கதை, சில பக்கங்களே. அதை முன்பே படித்தவர்களைச் சேர்க்கவில்லை. அவரவர் கருத்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், பெயர் எழுதக் கூடாது என்பது ஏற்பாடு. நானும் எழுதினேன். கதை எனக்குத் தெரியும் ஆகையால் என் தாளைக் கணக்கில் சேர்த்தது சரியன்று, ஆயினும் சேர்த்தேன். அதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

கதையைப் படியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நகரத்துச் சந்து ஒன்றில் அம்மாளு என்பவள் வாழ்கிறாள், மில் கூலி. கணவன் வண்டிக்காரன். அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி வேண்டும் என்று ஆசைப்படுகிறான். வீட்டில் காசு இல்லை. அன்றிரவு அவள் காசு கொண்டு வருகிறாள். எப்படிக் கொண்டு வந்தாள் என்பதுதான் கதை.

வந்த தாள்களைப் பிரித்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ‘வறுமையின் கொடுமையை ஆசிரியர் உருக்கமாக எடுத்துக்காட்டுகிறார்’ என்று நால்வர், சொல் மாறினாலும் பொருள் மாறாமல், எழுதியிருந்தார்கள். தமிழ்ப் பெண்மையை இழிவு செய்யும் கதை என்று இருவர் சினந்திருந்தார்கள். ஒருவர் இதைத் திரைப்படமாக்கினால் யார் நடிக்கலாம் என்று யோசித்திருந்தார். வறுமையின் கொடுமை என்று எழுதிய நால்வரில் நானும் ஒருவன். தாளில் பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து என்னுடையதுதானே! கதையை எத்தனையோ முறை படித்தவன் கையிருப்புத் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ஒரு தாள் மட்டும் வேறாக இருந்தது. எழுத்துப் பிழைகள் நிறைந்த தாள். அதன் கருத்து இதுதான்: கதையில் அழுவது யாரும் இல்லை, அம்மாளு அழவில்லை, கணவன் அழவில்லை, கதை சொல்பவரும் அழவில்லை, கேலி செய்கிறார், அந்தக் கேலி அம்மாளுவை நோக்கியதன்று, கற்பைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொண்டு படிக்கும் நம்மை நோக்கியது, கணவன் கேட்டது கஞ்சிதான், அதற்கு இவ்வளவு.

எழுதியவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. மைசூருவிலேயே பிறந்து கன்னட வழியில் பள்ளிப் படிப்பை முடித்த நண்பர். தமிழ் எழுத்துகளைத் தம் பாட்டியிடம் கற்றவர். ஒரு பக்கம் படிக்க அவருக்கு நமக்கு ஆவதைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆகும். “நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வேகமாத் தாண்டிப் போகத் தெரியாது” என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. நாம் தாண்டிப் போன இடத்தில் அவர் நின்றிருக்கிறார். ஆகவே அவர் கண்டார். நம் மன்றத்தில் இவரைப் போன்றோர் பலர் உள்ளனர். ‘எனக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது’ என்று கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். கருத்துச் சொல்லும் உரிமை வேகமாகப் படிப்பவனுக்குத்தான் என்று யார் சொன்னது?

நூலை மெல்லச் சுவைத்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. 1920-களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசுவார்கள். ‘வட்டத்தொட்டி’ என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். தலைவர் இல்லை, மேடை இல்லை. கம்பனின் ஒரு செய்யுளை டி. கே. சி. வாய்விட்டுப் படிப்பார். மீண்டும் படிப்பார். சொல் நிற்கும் இடத்தில் நின்று, ஓடும் இடத்தில் ஓடி, மூன்றாம் முறை படிக்கும்போது கேட்பவர்களுக்குப் பொருள் தானே தெளிவாகிவிடும். விளக்கம் அதற்குப் பிறகுதான். பின்னாளில் கல்கியும் இராஜாஜியும் அவர் சுவையில் ஈடுபட்டது யாவரும் அறிந்ததே.

டி. கே. சி.யிடம் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். தமக்குச் சுவைக்காத கம்பன் பாடல்களை அவர் இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொற்களையே மாற்றினார். அறிஞர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தது சரி என்பதே என் எண்ணம். வரைபடத்தில் கோடு நேராக வர வேண்டும் என்பதற்காகப் புள்ளியை அழிக்கும் மாணவனை எந்த ஆசிரியரும் பாராட்ட மாட்டார். அன்பு மிகுந்தாலும் அப்படித்தான். ஆனால் வாய்விட்டுப் படித்துக் காட்டும் அந்தப் பழக்கம் இருக்கிறதே, அது பொன்னானது. நம் கூட்டத்திலும் ஒவ்வொருவரும் தாம் பேசும் நூலிலிருந்து ஒரு பக்கத்தை முதலில் படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தால், கடைசி வரிசையும் பேச்சில் கலந்துகொள்ளும். 140 பக்கத்தோடு மேடை ஏறியவனும் அகப்பட்டுக்கொள்வான்!

கருத்துரைப்பதற்கென்றே தமிழில் ஓர் இதழ் இருந்தது. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். 2,000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்தார். அந்த எண்ணை இதழ் எட்டவும் இல்லை. 1970 வரையில் 119 இதழ்கள் வந்தன. நூல்களை மூட்டையாகக் கட்டி, தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவர்களிடம் விற்றவர் செல்லப்பா. அவ்விதழில் எழுதியவர்களைப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். பின்னாளில் பிரமிள் என்று புகழ்பெற்றார். ஹிராகுட் அணைக்கட்டிலும் பிறகு வடநாட்டிலும் வேலை பார்த்த வெங்கட் சாமிநாதன் அவ்விதழில்தான் விமரிசகராக வளர்ந்தார். தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பது கருத்துச் சொல்வதற்குத் தடையாக இல்லை. ஒருவேளை உதவியாகவே இருந்திருக்கும். பக்கத்து மேசைக்காரனின் 18.6 காதில் விழாத தொலைவு அல்லவா அது!

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். யாதவகிரியில் ஆர். கே. நாராயணின் வீடு 2016 முதல் நினைவகமாக உள்ளது. நம் நண்பர்களில் பலர் அங்குச் சென்று படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, இவ்வூரில் வாழ்ந்து, மகாராஜா கல்லூரியில் 1930-இல் பட்டம் பெற்று, ஆங்கிலத்தில் எழுதியவர். கல்லூரியில் சேரும் முன் அவர் ஆங்கிலத் தேர்வில் தவறியவர் என்பதையும் நம் தேர்வு முடிவுகள் வரும் நாளில் நினைத்துக்கொள்ளலாம். அவருடைய முதல் நாவல் ‘சுவாமியும் நண்பர்களும்’. இலண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக அதைத் திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த பூர்ணா என்னும் மைசூர் நண்பரிடம் இருந்தது. மனம் சோர்ந்த நாராயண், கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று நண்பருக்கு எழுதினார்.

பூர்ணா அதைச் செய்யவில்லை. ‘நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே’ என்று ஆறுதல் கடிதம் எழுதிவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. அப்போது ஆக்ஸ்போர்டில் குடியிருந்த கிரஹாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனுக்கு அப்போது முப்பது வயது. பிரதி அவர் மேசைமேல் வாரக்கணக்கில் படிக்கப்படாமலே கிடந்தது. ஒரு மழை நாளில் எடுத்துப் படித்தார். பிறகு அவரே பதிப்பாளர் தேடினார். தலைப்பை மாற்றச் சொன்னார். ஆசிரியர் பெயரையும் சுருக்கச் சொன்னார். 1935-இல் நூல் வெளிவந்தது. விற்பனை மிகக் குறைவு. கிரீன் அதனால் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த நாவல்களுக்கும் பதிப்பாளர் தேடித் தந்தார். இருவரும் நேரில் சந்தித்தது 1956-இல்தான். இருபது ஆண்டு நட்பு, பார்த்ததே இல்லை!

இந்த வரலாற்றில் கிரீனை எல்லாரும் போற்றுகிறார்கள். எனக்கு என்னவோ பூர்ணாவின் மேல்தான் மதிப்பு அதிகம். அவர் விமரிசகர் அல்லர், எழுத்தாளரும் அல்லர், மாணவர். ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. படித்த நூலை இன்னொருவர் கையில் கொடுத்தார். ஒரு நூலைப் பற்றி ஒருவன் தரக்கூடிய கருத்துகளில் அதைவிட உறுதியானது வேறு உண்டா?

கையில் கொடுப்பது நமக்கு எளிதன்று என்பதையும் மறக்கக் கூடாது. நாம் படிக்கும் தமிழ் நூல்களில் பெரும்பாலானவை யாராவது ஊருக்குப் போய் வரும்போது பையில் வருபவை. ஒரு படி பத்துப் பேரிடம் சுற்றும். ஆகவே இங்கே ஒருவன் பொறுப்பின்றிப் புகழ்ந்தால் பையில் ஒரு நல்ல நூலின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளும். பொறுப்பின்றி இகழ்ந்தால் ஒரு நல்ல நூல் ஓராண்டு இங்கு வராமலே போகும். மருத்துவக் கல்லூரிகளில் ஆய்விதழ்களைக் கூடிப் படிக்கும் வழக்கம் உண்டு. வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1875-இல் அத்தகைய கழகம் ஒன்றைத் தொடங்கினார். தனியாக வாங்கக் கட்டுப்படியாகாத இதழ்களைப் பலர் சேர்ந்து வாங்கிப் படிப்பதே அதன் முதல் நோக்கம். பணம் சேர்ந்து போட்டவர்கள் ஆகையால் படிக்காமல் வந்து பேச முடியாது. எங்கள் துறையிலும் வாரந்தோறும் இப்படிக் கூடுகிறோம். ஒருவர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துச் சொன்னதும் முதலில் எழும் கேள்வி ‘நன்றாக இருக்கிறதா?’ என்பதன்று. ‘என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், உனக்கு எந்த இடத்தில் ஐயம்?’ என்பதே.

என்னை ‘மோகமுள்’ பற்றிக் கேட்ட மாணவியும் ஐயத்தைத்தானே கேட்டாள்? அதை நாவலை முடித்தபின்தான் உணர்ந்தேன். அவள் கேட்ட இடம் எனக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. ரங்கண்ணா மறைந்தபின் பாபு கும்பகோணத்தை விட்டுச் சென்னைக்குப் போகிறான். பாட்டுக்காகப் போகிறானா, பாட்டிலிருந்து தப்பிப் போகிறானா? நான் ஒன்று சொன்னேன், அவள் மற்றொன்று சொன்னாள். நூலகப் படியிலேயே நின்று ஒரு மணி நேரம் வாதிட்டோம். பிறகு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நண்பர்கள் இருவர் சேர்ந்துகொண்டனர். அவர்களில் ஒருவர் நாவலைப் படிக்காதவர். “இருங்க, இருங்க, கதையைச் சொல்லிடாதீங்க” என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். மறுநாள் காலையில் என் அறைக்கு வந்து நூலை வாங்கிக்கொண்டு போனார். மேடையில் நான் பேசிய பத்து நிமிடத்தால் அந்நூலைக் கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வரும் கூட்டத்தில் பேசுவோர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. பூமணியின் ‘வெக்கை’யை எடுத்திருக்கிறேன். 1982-இல் வந்த சிறிய நாவல். கொலை செய்துவிட்ட சிறுவன் ஒருவன் தன் தந்தையோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் நாள்களின் கதை. படித்துக் காட்ட வேண்டிய பக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். கரிசல் வட்டாரச் சொற்கள் சில புரியவில்லை. அவற்றைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த நண்பர்கள் கூட்டத்தில் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். இன்னும் 30 பக்கம் மீதி இருக்கிறது. கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நண்பர் தமக்குத்தான் அடுத்து என்று சொல்லி வைத்திருக்கிறார்.